இரண்டு பஞ்சாங்கம், ஒரு முஹூர்த்தம்

பெண்ணுக்கோ பிள்ளைக்கோ விவாஹ நாள் குறிப்பது, தமிழ்நாட்டிலுள்ள நம் அங்கத்தினர்களுக்கு ஒரு பஞ்சாங்கத்தோடு முடிந்துவிடும் காரியம். எங்கள் சித்தூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு அப்படியல்ல. எங்கள் வீட்டில் ஆனி நடக்கும்போதே அடுத்த வீட்டில் ஆஷாடம் பிறந்துவிடும். இன்று பல ஊர்களில் உள்ள நம்மவர்கள் ஆந்திர சம்பந்தம் செய்துகொள்கிறார்கள். திருப்பதியில் கல்யாணம் நடத்தவும் விரும்புகிறார்கள். ஆகவே இதன் பின்னணியை எழுதினால் பயன்படும் என்று தோன்றியது.

முதலில் ஊரைப் பற்றி. வட ஆற்காடு, கடப்பை ஜில்லாக்களின் பகுதிகளைச் சேர்த்து 1911 ஏப்ரல் 1 அன்று சித்தூர் ஜில்லா உருவாயிற்று. 1953 அக்டோபர் 1-ல் ஆந்திர ராஜ்யம் பிரிந்தபோது அதனுடன் சென்றது. 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி தாலுகா சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி தனி மாவட்டம். இத்தனை முறை எல்லை மாறியும் அவரவர் வீட்டுப் பஞ்சாங்கம் மாறவில்லை.

நாம் அனுஷ்டிப்பது ஸௌரமானம். சூரியன் ஒரு ராசியிலிருந்து அடுத்த ராசிக்குப் போனால் நமக்கு மாதப் பிறப்பு. தெலுங்கர்களுடையது சாந்த்ரமானம். அமாவாசைக்கு மறுநாள் அவர்களுக்கு மாதம் பிறக்கும். பன்னிரண்டு சாந்த்ர மாதங்களுக்குச் சுமார் 354 நாட்களே ஆவதால், ஏறக்குறைய 32, 33 மாதங்களுக்கு ஒருமுறை அதிக மாஸம் சேரும். அதில் விவாஹம் செய்வதில்லை.

பெயர் ஒற்றுமையால் வரும் குழப்பமும் உண்டு. மார்கசிர மாஸத்தில் கல்யாணம் என்று தெலுங்குப் பத்திரிகை வந்தால் நம் வீட்டுப் பெரியவர்கள் "மார்கழியிலா!" என்று திடுக்கிடுவார்கள். ஆனால் மார்கசிரம் நம் கார்த்திகையிலேயே பிறந்துவிடுகிறது. தனுர் மாஸத்துக்கு முன்பு வரும் அந்த நாட்களை அவர்கள் ஏற்கிறார்கள், நமக்கும் தடையில்லை.

2023-ல் ஜூன் 19 முதல் ஜூலை 17 வரை ஆஷாடம், அதைத் தொடர்ந்து ஆகஸ்ட் 16 வரை அதிக ச்ராவணம். நமக்கு ஆடி ஒன்றுதான் தடை. அவர்களுக்கு இரண்டு மாதம். 2024-ல் இன்னும் சிரமம். குரு, சுக்கிரன் இருவரும் சூரியனுக்கு அருகில் மறைந்ததால் ஏப்ரல் கடைசி முதல் ஜூலை முதல் வாரம் வரை மூடம் என்று தெலுங்கர்கள் முஹூர்த்தம் வைக்கவில்லை. பிறகு ஜூலை 6 முதல் ஆகஸ்ட் 4 வரை ஆஷாடம். அது விலகியபோது நமக்கு ஆடி பாதி பாக்கி.

எங்கள் உறவில் ஒரு பிள்ளைக்கு அந்த வருஷந்தான் திருப்பதியில் பெண் நிச்சயமாயிற்று. வைகாசியில் நடத்திவிட வேண்டுமென்று பிள்ளை வீட்டார். மூடத்தில் கன்யாதானம் செய்ய மாட்டோம் என்று பெண் வீட்டார். பிள்ளையின் பாட்டிக்கு 89 வயது. கண்ணால் பார்த்துவிட வேண்டுமென்ற தவிப்பு. பேச்சு முறிந்துவிடுமோ என்றிருந்த சமயத்தில் இரு தரப்பு வாத்யார்களும் இரண்டு பஞ்சாங்கங்களையும் ஒரே மேஜையில் விரித்து உட்கார்ந்தார்கள். நமக்கு ஆவணி முதல் வாரம், அவர்களுக்கு ச்ராவண கிருஷ்ண பக்ஷத் தொடக்கம் என்று இருவருக்கும் பொதுவான நாள் கிடைத்தது. பாட்டி இருந்து அக்ஷதை போட்டாள்.

இப்படிச் சேர்த்துப் பார்ப்பது புதிய ஏற்பாடல்ல. 1930-களில் தொகுதிகளாக அச்சான திருமலை சாஸனங்களைப் பாருங்கள். பெரும்பாலானவை தமிழில் உள்ளவை. விஜயநகர காலத்துச் சாஸனங்களில் சக வருஷம், வருஷப் பெயர், சூரியன் நிற்கும் ராசியால் மாதம், சந்திரனைக் கொண்டு பக்ஷம், திதி, பிறகு வாரம், நக்ஷத்திரம் என்று ஒரே வரிசையில் வரும். சூரியக் கணக்கும் சந்திரக் கணக்கும் அதில் அடக்கம். எந்தத் தேசத்தார் படித்தாலும் நாள் தவறாது.

பெருமாளின் கல்யாணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். புத்தூருக்கு அருகிலுள்ள நாராயணவனத்தில் ஆகாசராஜன் குமாரி பத்மாவதியை ஸ்ரீநிவாஸன் கைப்பிடித்தது வைசாக சுக்ல தசமியில் என்பது ஸ்தல புராணம். அதையொட்டித் திருமலையில் மூன்று நாள் பரிணயோத்ஸவம் நடக்கிறது. 2023-ல் அது ஏப்ரல் 29 முதல் மே 1 வரை, நமக்குச் சித்திரை. 2024-ல் மே 17 முதல் 19 வரை, நமக்கு வைகாசி. அதே கோவிலில் தனுர் மாஸம் சூரியக் கணக்குப்படி வருகிறது. அப்போது ஸுப்ரபாதத்துக்குப் பதில் திருப்பாவை. இரண்டு மானமும் அந்தச் சன்னிதியில் சண்டையின்றி இருக்கின்றன.

ஆகவே ஆந்திர சம்பந்தம் பேசும் அங்கத்தினர்களுக்கு என் விண்ணப்பம் இதுதான். சத்திரத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் இரு பஞ்சாங்கங்களையும் சேர்த்துப் பாருங்கள். அதிக மாஸம், மூடம் உள்ள வருஷமா என்று நிச்சயதார்த்தத்தின்போதே கேட்டுவிடுங்கள். லக்னப் பத்திரிகையில் தமிழ் மாதம், தேதியோடு சாந்த்ர மாஸம், பக்ஷம், திதியையும் எழுதுங்கள். சம்பந்திகளுக்குள் முதல் மனஸ்தாபம் நாள் விஷயத்தில்தான் எழுகிறது. அதைத் தவிர்த்தால் மற்றவை தாமே சரியாகும். ஸ்ரீநிவாஸன் அனுக்ரஹத்தால் நம் குழந்தைகளுக்கு உரிய காலத்தில் விவாஹம் நடந்தேற வேண்டுமென்று பிரார்த்திக்கிறேன்.