ஏட்டில் ஏறிய பெயர்

வாய்மொழியாக வழங்கிய பௌத்த திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில் மாத்தளை அலுவிகாரையில் ஏட்டில் எழுதப்பட்டதென்பது மரபு. எழுத்திலேறிய பின்னரே ஒரு வழக்கு நிலைபெறும் என்பதற்குச் சீட்டாட்ட வரலாறும் சான்று பகர்கின்றது.

பிரிட்ஜ் ஆட்டத்திலே கூட்டாளிகள் தம் சீட்டுகளை ஒருவருக்கொருவர் காட்டலாகாது. ஏலங் கேட்பதுபோற் கூறும் சொற்களாலேயே உணர்த்துதல் வேண்டும். ஒருவர் 15 முதல் 17 வரையான புள்ளிகளையுடைய வலிய கையுடன் 'துரும்பின்றி ஒன்று' எனத் தொடங்கின், மற்றவர் 'இரண்டு கலாவரை' என்பார். 'ஆடுதனிலோ ஸ்கோப்பனிலோ நான்கு சீட்டுகள் உளவா?' என்பதே அதன் பொருள். இல்லையெனின் 'இரண்டு டயமன்' என்பது விடை.

இம்முறைக்கு 'ஸ்டேமன்' என்று பெயர். ஆயின், இதனை வகுத்தவர் ஸ்டேமனின் கூட்டாளியான ஜோர்ஜ் ரப்பே. 1945இல் 'பிரிட்ஜ் வேர்ல்ட்' இதழில் இதனை எழுதி வெளியிட்டவரே சாம் ஸ்டேமன். இங்கிலாந்தில் ஜாக் மார்க்ஸ் 1939 அளவிலேயே இதனைக் கண்டிருந்தும், போர்க்காலத் தடையால் அவர் எழுத்து 1946இலேயே அச்சேறியது. பெயர் முதலில் எழுதியவரைச் சேர்ந்தது.

அலுவிகாரையில் எழுதியோர் பெயரை மகாவம்சம் கூறவில்லை. அவர்கள் காத்தது நூலை மட்டுமே. ஏடு பொருளைக் காக்கும். உரியவர் பெயரையும் காக்குமென்பதற்கு உறுதியில்லை. ஆதலின், வரலாறு பயில்வோர் ஏட்டிலுள்ள பெயரோடு அமையாது, அதன்பின் மறைந்து நிற்போரையும் தேடுதல் கடனாம்.