உள்பொருளியலும் நார்த்தாமலைக் கற்றளியும்

உலகில் உளவாகிய பொருள்கள் யாவை, ஒரு பொருள் உளது என்பதன் கருத்து யாது, மாறிய பின்னும் அஃது அப்பொருளே எனத் துணிதற்கு அடிப்படை யாது என்று வினவும் மெய்யியற் பகுதியே உள்பொருளியல். மேலைநாட்டில் அரிஸ்டாட்டில் வகுத்தளித்த இத்துறை தமிழர்க்கும் புதியதன்று. மணிமேகலையின் 27ஆம் காதை, பொருள், குணம், கருமம், சாமானியம், விசேடம், கூட்டம் என வைசேடிகர் கொண்ட ஆறனையும், சீவன், பரமாணு, காலம், ஆகாயம் முதலாக நிகண்டவாதி கொண்ட பொருள்களையும் நிரல்படக் கூறும். நீலகேசி இவ்வழக்குகளுட் சிலவற்றிற்குத் தனிச் சருக்கங்களே வகுத்துள்ளது. எனினும் இவ்வாராய்ச்சியால் வரலாற்று மாணவர் அடையும் பயன் யாது எனச் சிலர் வினவலாம். புதுக்கோட்டை மாவட்டத்து நார்த்தாமலை அதற்கு விடை தருகின்றது.

அங்குள்ள மேலமலையில், மேற்கு நோக்கிய வாயிலுடன் விசயாலய சோழீச்சுரம் நிற்கின்றது. அதன் கருவறை அகத்தே வட்டமாகவும் புறத்தே சதுரமாகவும் அமைந்தது. சுற்றிலும் இருந்த எட்டுச் சிறு கோயில்களுள் ஆறு எஞ்சியுள்ளன. வழங்கும் பெயரைக் கொண்டு இதனை விசயாலய சோழன் எடுப்பித்தான் என்பாருளர். கல்வெட்டோ, சாத்தன் பூதி என்னும் இளங்கோவதியரையன் இக்கற்றளியைச் செய்வித்தான் என்றும், மழையால் இஃது இடிந்தழிய, மல்லன் விடுமன் என்னும் தென்னவன் தமிழதியரையன் புதுக்கினான் என்றும் கூறுகின்றது. இதனால் இக்கோயில் முத்தரையர் பணியென ஒரு சாராரும், முற்காலச் சோழர் கலையென மற்றொரு சாராரும் கொண்டனர்.

ஈண்டு நாம் நோக்கத்தக்கது ‘புதுக்கினான்’ என்னும் கருத்தேயாம். அழிந்தது ஒன்று, எழுந்தது வேறொன்று எனின், இரண்டாமவனையும் செய்வித்தவன் என்றே கூறல் வேண்டும். புதுக்கினான் எனவே, சிதைவுக்கும் சீர்மைக்கும் இடையே ஏதோ ஒன்று நிலைபெற்றது என்பது போதரும். தோற்றம், அழிவு, நிலைபேறு என்னும் மூன்றும் ஒருங்கே உடையதே பொருள் என்பது சமணர் கொள்கை. அச்சமணர் உறைந்த ஆளுருட்டிமலை இதற்கு அணித்தே உள்ளது. கல்வெட்டெழுதியோன் அவர்தம் நூலறிவால் அங்ஙனம் எழுதினான் என்பது நம் கருத்தன்று. நூலோர் ஆராய்ந்த வினா நடைமுறை வழக்கிலும் உறைகின்றது என்பதே நம் துணிபு.

சோழீச்சுரத்திற்கு எதிரே உள்ள குடைவரை இவ்வினாவின் மறுபுறத்தைக் காட்டும். சமணர் குடகு என மக்கள் வழங்கும் அது, பதினெண்பூமி விண்ணகரம் என்னும் பெயருடன் பன்னிரண்டு திருமால் உருவங்களைக் கொண்டு விளங்குகின்றது. முன்னர்ச் சமணப் பள்ளியாக இருந்தது பின்னர் விண்ணகரமாயிற்று என அறிஞர் கருதுவர். அங்ஙனமாயின், சோழீச்சுரத்தில் கட்டடம் சிதைந்தும் தளி ஒன்றாய் நின்றது. குடைவரையிலோ, பாறை அதுவாகவே இருக்கத் தளி வேறாயிற்று. ஆகவே கல்லின் ஒருமையே கோயிலின் ஒருமை ஆகாது என்பது தெளிவு.

அறிவியல் இங்கு யாது செய்யும்? கல்லின் இயல்பை நிலவியல் கூறும். அதன் கூறுகளை வேதியியல் பகுத்துக் காட்டும். எதனை ஒரே கோயில் எனக் கொள்வது என்பதனை அவை முடிவு செய்வதில்லை. ஆயினும் உள்பொருளியல் அறிவியலைப் புறக்கணித்தலும் இயலாது. அணு உண்டா என்பதில் எர்ன்ஸ்ட் மாக் போன்ற அறிஞரும் ஐயுற்றனர். ஐன்ஸ்டைன் 1905இல் கணித்ததனைப் பெரின் 1908 முதல் நிகழ்த்திய சோதனைகள் உறுதிசெய்யவே அவ்வையம் நீங்கியது. நெடுங்காலம் மெய்யியலார் வழக்காடிய வினாவொன்றை அளவை முடித்துவைத்தது.

இதனைக் கொண்டு, நிகண்டவாதியின் பரமாணுவும் இன்றைய அணுவும் ஒன்றே எனச் சிலர் பெருமிதம் கொள்வர். அது பொருந்தாது. பரமாணு பகுக்கப்படாதது, இன்றைய அணுவோ உட்கருவும் எலெக்ட்ரானும் உடையது என்பது 1911இல் ரதர்போர்டு ஆய்வால் விளங்கிற்று. பெயரொப்புமையால் பொருளொப்புமை கோடல், விசயாலயன் பெயர் கண்டு அவனே கோயிலைச் செய்வித்தான் என்பதனோடு ஒக்கும்.

ஆகவே, ‘இக்கோயில்’ என்று எழுதும் ஆராய்ச்சியாளர், முதலில் எழுந்த கட்டடத்தையோ, புதுக்கப்பட்டு இன்று காணும் கட்டடத்தையோ, இரண்டனூடும் தொடரும் தளியையோ குறிக்கின்றார் என்பதனை முதற்கண் வரையறுத்தல் வேண்டும். கலைப்பாணி கொண்டு கணிக்கும் காலம் இன்று காணும் கட்டடத்திற்கே உரியது. செய்வித்தோன் யார் என்பது தளியின் தொடக்கத்தைப் பற்றியது. இவ்விரண்டையும் வேறுபடுத்தினால் நார்த்தாமலை பற்றிய வழக்கின் ஒரு பகுதி தானே தீரும். எஞ்சிய பகுதியைக் கல்வெட்டும் கலையாய்வும் தீர்க்கட்டும். சாத்தன் பூதிக்கும் மல்லன் விடுமனுக்கும் உரிய புகழை அவரவர்க்கே அளித்தல் வரலாற்றறிஞர் கடன். அக்கடனை ஆற்றுதற்கு உள்பொருளியல் துணைநிற்கும்.