வெள்ளியும் உமிச்சாம்பலும்

வெங்காயத் தோலில் கரித்தூள் போலப் படிகிறதே, அந்தக் கருப்புப் பூசணத்தை வேலைமெனக்கெட்டு வளர்த்துப் பார்த்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் ழூல் ரோலேன். லூயி பாஸ்தரின் மாணவர். ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் எனப்படும் அந்தப் பூசணத்துக்கு எந்த உப்பு எவ்வளவு வேண்டும் என்று அவர் கணக்கெடுத்தார். 1869-இல் வந்த முடிவுகளின்படி, துத்தநாகம் இல்லாவிட்டால் அது சவலையாகிறது; வெள்ளிப் பாத்திரத்திலோ வளரவே மறுக்கிறது. 16 லட்சம் பங்குக் கரைசலில் ஒரு பங்கு வெள்ளி நைட்ரேட் கலந்தாலே வளர்ச்சி நின்றுபோகிறது. லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்கூட இல்லை.

பாசிகளிடம் இதே விளைவைக் கண்ட சுவிஸ் தாவரவியலாளர் நேகெலியின் ஆய்வு, அவர் இறந்த பிறகு 1893-இல் அச்சேறியது. வெள்ளி அயனிகள் புரதங்களிலுள்ள கந்தகத்தைப் பற்றிக்கொண்டு நொதிகளை முடக்குகின்றன என்பது பின்னாளில் தெளிவானது.

இதற்கிடையே 1889-இல் அமெரிக்காவின் கேரி லீ, இரும்பு உப்பையும் சிட்ரேட்டையும் கொண்டு வெள்ளியைக் கூழ்மமாக்கியிருந்தார். இன்று நானோ வெள்ளி எனப்படுவது அதுதான். துகள் சிறுக்கச் சிறுக்க மேற்பரப்பு கூடும், அயனியும் தாராளமாகக் கிளம்பும். சிக்கல் வேறு: துகள்கள் ஒன்றோடொன்று திரண்டுகொள்ளும், இல்லையென்றால் தண்ணீரோடு போய்விடும்.

பிடித்து நிறுத்த ஆள் வேண்டியிருந்தது. அது சிலிக்கா.

ஒரே அளவான சிலிக்கா உருண்டைகளை ஆல்கஹாலும் அம்மோனியாவும் கொண்டு உருவாக்கும் வழியை ஸ்டோபர், ஃபிங்க், போன் ஆகிய மூவர் 1968-இல் வெளியிட்டார்கள். பிற்பாடு வேறு ஆய்வாளர்கள் அத்தகைய உருண்டைகள்மேல் வெள்ளியைப் படியவைத்துப் பூசணத் தடுப்புப் பூச்சுகளைச் செய்து பார்த்தார்கள். இதில் கொல்லும் வேலை வெள்ளியுடையது. துகள்களைச் சேரவிடாமல் தள்ளித்தள்ளி உட்காரவைப்பது சிலிக்காவின் வேலை.

இந்தியாவில் இந்தக் கூட்டுக்கான சிலிக்கா நெல்லிலிருந்து வந்தது. உமியை எரித்தால் மிஞ்சும் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. புனேயிலுள்ள டாட்டா ஆய்வு மையம் அந்தச் சாம்பலைக் கொண்டு முதலில் சுஜல் என்ற மலிவான நீர் வடிகட்டியைச் செய்தது. 2009 டிசம்பரில் விற்பனைக்கு வந்த டாட்டா ஸ்வச் வடிகட்டியில் அதே சாம்பலோடு நானோ வெள்ளியும் சேர்ந்தது. இங்கே குறி பூசணமல்ல, குடிநீரிலுள்ள பாக்டீரியா. அன்றைய விலை, வகையைப் பொறுத்து, 749 ரூபாயும் 999 ரூபாயும். மின்சாரமோ குழாய் இணைப்போ தேவைப்படவில்லை. உள்ளிருக்கும் வடிகட்டும் குமிழ் ஒன்று 3,000 லிட்டர் வரை தாங்கியது.

குடிநீரில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் வரை வெள்ளி இருந்தால் உடலுக்குக் கேடில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். கிருமி சாகவும் வேண்டும், அந்த வரம்பைத் தாண்டவும் கூடாது. வடிகட்டி செய்பவர்கள் வெள்ளியின் அளவை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிறுத்தியாக வேண்டும்.