கணினி இசை: அடிப்படைக் கலைச்சொற்கள்

ஒலியை எண்களாக மாற்றி, கணினியில் கோத்து, திருத்தி, கலந்து பாடலாக்கும் முறையே கணினி இசை எனப்படும். திருகோணமலையின் திருவிழா மேடைகளில் ஒலிக்கும் கீபோர்ட், ஒக்டபாட் முதலிய மின்னணுக் கருவிகளும் இதே அடிப்படையில்தான் இயங்குகின்றன.

இத்துறையின் தொடக்க வரலாற்றைத் திருகோணமலையோடு இணைப்பவர் அறிபுனை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க். 1956இல் மைக் வில்சனோடு சுவாமி மலையடியில் மூழ்கி, போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் எச்சங்களைக் கண்டவர் அவர். அடுத்த ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் மக்ஸ் மத்யூஸ் எழுதிய மென்பொருள் கணினியை இசைக்க வைத்தது. 1961இல் அங்கே ஒரு ஐபிஎம் கணினி ‘டெய்சி பெல்’ என்ற பாடலைப் பாடியது. அதை நேரில் கேட்ட கிளார்க், ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ திரைப்படத்தில் வரும் ஹால் என்னும் கணினியையும் அதே பாடலைப் பாட வைத்தார்.

ஒலிப்பதிவு. மைக்கில் விழும் ஒலி அலையை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்ணாக எழுதுவது மாதிரியெடுப்பு. இசைத்தட்டுக்கான வேகம் நொடிக்கு 44,100 அளவீடுகள். ஒவ்வொன்றும் 16 பிட். இவ்வேகத்தில் பாதியான 22,050 ஹேர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளைப் பதியலாம். மனிதக் காதுக்கு எட்டுவது ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை என்பதால் அது போதும். இவ்வாறு பதிந்த ஒரு தனி அடியோ சுரமோ சேம்பிள். திரும்பத் திரும்ப ஒலிக்கும் துண்டு லூப். இரு தடங்களில் ஒரு நிமிடப் பதிவு ஏறத்தாழ 10.6 மெகாபைட் இடம்பிடிக்கும்.

மிடி. தொடங்குவோர் பெரும்பாலும் குழம்புவது இங்கேதான். மிடியில் ஒலியே கிடையாது. எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு விசையோடு அழுத்தப்பட்டது என்னும் கட்டளைகள் மட்டுமே அதில் உண்டு. கட்டைகளுக்கும் விசைக்கும் 0 முதல் 127 வரை எண்கள். ஓர் இணைப்பில் 16 தடங்கள். வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்காக 1983இல் வந்த பொது விதி இது. அக்கட்டளைகளைச் சேமித்து வரிசையாக அனுப்புவது சீக்குவன்சர். இளையராஜாவின் ‘புன்னகை மன்னன்’ (1986) அதைப் பயன்படுத்திய தொடக்ககால இந்தியப் படங்களுள் ஒன்று. சீக்குவன்சரோடு சேம்பிளும் தாளமும் ஒரே பெட்டியில் அடங்கியது குரூவ்பொக்ஸ். ஈழத்தமிழ்க் குடும்பத்தில் பிறந்த எம்.ஐ.ஏ. தம் முதல் தொகுப்பான ‘அருளர்’ (2005) பாடல்களை ரோலண்ட் எம்சி-505 என்னும் அத்தகைய கருவியில்தான் அமைக்கத் தொடங்கினார்.

பிட்ச் பெண்ட். கீபோர்டின் கட்டைகள் சுரங்களைத் தனித்தனியாக நிறுத்துகின்றன; நம் இசையோ சுரங்களுக்கு இடையே வாழ்கிறது. கமகத்தைக் கொண்டுவர உதவுவது பிட்ச் பெண்ட் சக்கரம். அதன் வழக்கமான எல்லை மேலும் கீழும் இரண்டு அரைச்சுரங்கள். அவ்வெல்லைக்குள் 16,384 படிகள். தோடியின் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையே அசைவதற்கு இந்த எல்லை பொருந்தும். ஆனால் ஒரே தடத்தில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களும் சேர்ந்தே வளையும். ஆகவே கமகம் வேண்டும் சுரத்துக்குத் தனித்தடம் ஒதுக்க வேண்டும்.

சின்தசைசர் அலைகளை மின்சுற்றிலோ கணக்கீட்டிலோ உருவாக்கி ஒலியெழுப்பும் கருவி. அதன் மென்பொருள் வடிவம் பெரும்பாலும் இசை மென்பொருளோடு இணையும் பிளகினாக வரும். பல தடங்களின் அளவைச் சரிசெய்து சேர்ப்பது மிக்ஸிங். வெளியீட்டுக்கு முந்திய இறுதிச் செப்பம் மாஸ்டரிங்.

லேட்டன்சி என்பது தட்டியதற்கும் கேட்பதற்கும் இடையிலான தாமதம். நொடிக்கு 44,100 என்னும் வேகத்தில் கணினி 256 அளவீடுகளைச் சேர்த்து ஒரே தவணையாக அனுப்பினால் அதனால் மட்டும் 5.8 மில்லிநொடி தாமதம். 1,024 ஆனால் 23 மில்லிநொடி. ஒக்டபாட் வாசிப்பவர் இரண்டாவதை உடனே உணர்வார், தாளம் நழுவும்.

விற்பனைக்கு வரும் சேம்பிள் தொகுப்புகளில் தபலாவும் மிருதங்கமும் எளிதில் கிடைக்கின்றன. கிழக்கிலங்கைக் கூத்து மத்தளமும் உடுக்கும் அரிது. அண்ணாவிமார் இருக்கும்போதே அவற்றின் ஒவ்வோர் அடியையும் 24 பிட்டில், எதிரொலி சேர்க்காமல் பதிந்து வைக்க இப்பகுதி இளைஞர்கள் முன்வர வேண்டும்.