ஏட்டிலே திறந்த கதவு

ஊர்ப்பணத்தில் எழுந்த கட்டடம் ஊரார் அனைவர்க்கும் உரியது. இதைவிட எளிய நீதி வேறென்ன இருக்க முடியும்? ஆயினும், இந்த எளிய நீதியைச் சட்டமாக்கவும், அந்தச் சட்டத்தைச் செயலாக்கவும் நம் நாட்டில் எத்தனை ஆண்டுகள் பிடித்தன என்று எண்ணுங்கால் வெட்கம் பிறக்கிறது. அதனோடு வீறும் பிறக்கிறது.

கிராமச் சாவடியை எடுத்துக்கொள்வோம். அந்நாளில் வரி செலுத்துமிடம் அது. வழக்குப் பேசுமிடம் அது. அரசின் ஆணையை அறியுமிடமும் அதுவே. ஆனால், தாழ்த்தப்பட்டவன் தந்த வரியை ஏற்ற சாவடி, அவன் காலடியை ஏற்கவில்லை. காசுக்குத் தீட்டில்லையாம், அதைக் கொடுத்த கைக்குத்தான் தீட்டாம்!

இந்த அநீதியை எதிர்த்து, 1924ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 22ஆம் நாள், சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச்சாலையிலும் தெருவிலும் எவரும் நடக்கலாம். பொது அலுவலகம், கிணறு, குளம், பொதுக்காரியம் நடைபெறும் கட்டடம் ஆகிய எங்கும் எவரும் செல்லலாம் என்றது அத்தீர்மானம். அப்போது நடந்தது நீதிக்கட்சி ஆட்சி. தீர்மானம் நிறைவேறிற்று; செப்டம்பர் 25இல் அரசாணையும் பிறந்தது; உள்ளாட்சி மன்றங்களுக்கு அனுப்பவும் பட்டது.

கதவு திறந்ததா? ஏட்டிலே திறந்தது! ஊரிலே கதவைத் திறக்க வேண்டியவர் யார்? அதை அதுவரை அடைத்து வைத்திருந்த அதே ஆதிக்கக்காரர்தாமே! தடுப்போரைத் தண்டிக்கும் வலிமை வெறுந் தீர்மானத்திற்கு இல்லை. 1938ஆம் ஆண்டில், எம்.சி. ராஜாவின் முயற்சியால், தடுப்பது குற்றம் என்று சட்டம் வந்தது. இடையே கழிந்தவை பதினான்கு ஆண்டுகள்.

பம்பாய் மாகாணத்திலும் இதே கதைதான். பொது நீர்நிலைகள் அனைவர்க்கும் உரியவை என்று 1923இல் அங்குள்ள சட்டமன்றம் தீர்மானித்தது. மகாடு நகராட்சி 1924இல் அதனை ஏற்றது. ஆயினும், 1927 மார்ச்சு 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் சென்று சவுதார் குளத்து நீரைப் பருகும்வரை, அந்த ஏற்பு வெறுங்காகிதமாகவே கிடந்தது. பருகியதும் நடந்ததென்ன? குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள்! நகராட்சியோ அதே ஆண்டில் தன் தீர்மானத்தையே திரும்பப் பெற்றது. பம்பாய் உயர்நீதிமன்றத்தில் நீதி கிடைக்க 1937 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

1950இல் அரசியலமைப்புச் சட்டம் வந்தது. அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் பொது இடங்களில் சாதியின் பெயரால் தடை கூடாது என்று அதன் 15ஆம் பிரிவு கூறிற்று. 1955இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டமும் வந்தது. இனித் தொல்லையில்லை என்று எண்ணினோம். ஆனால், மதுரை மாவட்டத்து உத்தப்புரத்திலே, 1989ஆம் ஆண்டில் மக்களைப் பிரிக்கும் சுவரொன்று எழுந்தது. போராட்டங்களுக்குப் பின், 2008 மே 6ஆம் நாள்தான் மாவட்ட நிர்வாகம் அதன் ஒரு பகுதியை இடித்தது. பத்தொன்பது ஆண்டுகள் நின்றது அச்சுவர்! சட்டம் இல்லாமலா நின்றது? சட்டத்தைச் செலுத்தும் துணிவு இல்லாமல் நின்றது.

"ஊர் அமைதி கெட்டுவிடும், காலம் கனியட்டும்" என்பார் சிலர். ஒருவன் வாசலிலே நிற்க, மற்றவன் உள்ளே அமர்வது அமைதியன்று, அடக்குமுறை. காலம் தானே கனிவதில்லை, கனியவைப்போர் வேண்டும்.

அதே மதுரை மாவட்டத்து மேலக்கோட்டையில், 1998ஆம் ஆண்டு, கலைஞர் ஆட்சியில், முதல் பெரியார் நினைவு சமத்துவபுரம் திறக்கப்பட்டது. நூறு வீடுகளில் ஆதிதிராவிடர்க்கு 40, பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, மிகப் பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, ஏனையோர்க்கு 10 என்பது திட்டம். அனைவர்க்கும் சமுதாயக்கூடம் ஒன்றே. மனை பிரிக்கும்போதே சாதி பிரியாமல் பார்த்துக்கொண்ட திட்டம் அது. சுவர் கட்டவும் திட்டம் வேண்டும்; சுவரில்லா ஊர் கட்டவும் திட்டம் வேண்டும்.

தோழர்களே! உங்கள் ஊர்ச் சமுதாயக்கூடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது? சேரியிலே ஒரு திருமணம் என்றால் அந்தச் சாவி தயங்காமல் வருகிறதா? கேட்டுப் பாருங்கள். வரவில்லையெனில், ஊராட்சி மன்றத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். மாவட்ட ஆட்சியரிடம் முறையிடுங்கள். திருமணம் அக்கூடத்திலேயே நடக்கும்வரை ஓயாதீர்கள். இரட்டைமலையார் ஏட்டிலே திறந்த கதவை ஊரிலே திறப்பது நம் கடமை.