கேமரன் மலைத் தோட்டத் தமிழர்: இன அடையாளமும் அரசியல் தலைமையும்

கேமரன் மலைக்குத் தமிழரைக் கொண்டுவந்தது தேயிலை. மலேசியாவின் பகாங் மாநிலத்திலுள்ள இம்மலைப்பகுதியை 1885இல் வில்லியம் கேமரன் அளந்தார். 1929இல் ஜே.ஏ. ரசல் போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தேயிலை நிறுவனம் வந்தது. லயத்து வீடுகள், காலைப் பெரட்டு (ஆள்கணக்கெடுப்பு), மண்டோர் (மேற்பார்வையாளர்), கிராணி (எழுத்தர்), துரை (நிர்வாகி) என ரப்பர் தோட்டங்களில் ஊறிப்போன அடுக்குமுறை மலைக்கும் ஏறியது.

இங்கு பிறந்த பிள்ளைக்குச் சிறு வயதில் தன் இனத்தைப் பற்றி யோசிக்க வேண்டிய தேவை எழுவதில்லை. வீடு, கோயில், தமிழ்ப்பள்ளி எல்லாம் தோட்டத்துக்குள்ளேயே இருக்கும். பத்துப் பிள்ளைகள் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்ததன் விளைவு அது. தானா ராத்தா, ரிங்லெட் இடைநிலைப்பள்ளிகளுக்குப் போகும்போதுதான் மலாய், சீன மாணவர்களோடு ஒரே வகுப்பில் உட்கார நேர்கிறது. மலாய்மொழியில் பின்தங்கியவர்கள் அதற்கு முன் புகுமுக வகுப்பில் ஓராண்டு கழித்ததும் உண்டு. தன்னை யாரென்று வரையறுத்துக்கொள்ளும் போராட்டத்தை எரிக் எரிக்சன் விடலைப் பருவத்தில் வைத்தார். சிறுபான்மைப் பிள்ளைகளை ஆராய்ந்த ஜீன் ஃபின்னி, கேள்வியின்றி ஏற்றல், தேடல், தெளிதல் என 1989இல் மூன்று நிலைகளைக் கூறினார். தோட்டப் பிள்ளையின் தேடல் பெரும்பாலும் இடைநிலைப்பள்ளியில் தொடங்குகிறது.

தேடலின் முடிவை அரசு ஓரளவு முன்கூட்டியே எழுதிவைத்திருக்கிறது. விண்ணப்பப் படிவங்களில் ‘பங்சா’ (இனம்) என்ற கட்டம் இருக்கும். மலாய், சீனர், இந்தியர், பிறர் என்பவற்றில் ஒன்றைக் குறிக்க வேண்டும். தமிழர், தெலுங்கர், மலையாளி, பஞ்சாபி எல்லோரும் ‘இந்தியர்’ கட்டத்துக்குள் அடங்குவர்.

அரசியல் கட்சிகளும் இந்தக் கட்டங்களின் மேலேயே எழுந்தன. மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) 1946இல் ஜான் திவியைத் தலைவராகக் கொண்டு தோன்றியது. 1955இல் வி.தி. சம்பந்தன் தலைமைப் பொறுப்பேற்ற பிறகே தோட்டத் தமிழர் பெருந்திரளாகச் சேர்ந்தனர். அவரோ ரப்பர் தோட்ட உரிமையாளரின் மகன்! 1979 முதல் 2010 வரை கட்சியை நடத்திய ச. சாமிவேலுதான் பால்மரம் வெட்டிய குடும்பத்தில் பிறந்தவர்.

கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதியில் 2004இல் முதல் தேர்தல் நடந்தது. தேயிலை மலையோடு லிப்பிஸ் மாவட்டத்தின் ஜெலாயும் அதில் இணைக்கப்பட்டிருந்தது. வாக்காளர்களில் மலாய்க்காரர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, சீனர் 30 விழுக்காடு, ஓராங் அஸ்லி பூர்வகுடிகள் 22 விழுக்காடு, இந்தியர் 15 விழுக்காடு. இருந்தும் தொடர்ந்து நான்கு பொதுத்தேர்தல்களில் வென்றவர்கள் தமிழர்களே. எண்ணிக்கை தராத இடத்தைத் ம.இ.கா. அங்கம் வகித்த தேசிய முன்னணிக் கூட்டணியின் தொகுதிப் பங்கீடு தந்தது. ம.இ.கா. வேட்பாளருக்கு ஜெலாய் மலாய் வாக்கும் பூர்வகுடி வாக்கும் கிடைத்தால்தான் கரையேற முடியும். தமிழரின் தலைவர் என்று பெயர், பலமோ பிறர் கையில். எஸ்.கே. தேவமணி 2004, 2008 தேர்தல்களில் வென்றார். கட்சித் தலைவராகவே இருந்த ஜி. பழனிவேலுக்கு 2013இல் கிடைத்த பெரும்பான்மை 462 வாக்குகள் மட்டுமே. 2018இல் சி. சிவராஜ் 597 வாக்குகளில் வென்றார். இரு முறையும் தோற்றவர் ஜனநாயகச் செயல் கட்சியின் (ஜ.செ.க.) எம். மனோகரன், அவரும் தமிழரே.

வாக்குக்குப் பணம் கொடுக்கப்பட்டதாகக் கண்ட தேர்தல் நீதிமன்றம் 2018 நவம்பர் 30இல் சிவராஜின் வெற்றியை ரத்துசெய்தது. 2019 ஜனவரி 26 இடைத்தேர்தலில் ம.இ.கா. தொகுதியை விட்டுக்கொடுக்க, தேசிய முன்னணி ஓய்வுபெற்ற காவல் அதிகாரி ரம்லி முகமட் நோரை நிறுத்தியது. செமாய் இனத்தவரான அவர் 3,238 வாக்கு வித்தியாசத்தில் மனோகரனை வென்று, மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஓராங் அஸ்லி ஆனார். இம்மண்ணின் மூத்த குடிக்கு அந்த இடம் கிடைக்க விடுதலைக்குப் பின் 61 ஆண்டுகள் ஆயின. 2022இல் மீண்டும் வென்ற ரம்லி மக்களவைத் துணைத் தலைவரானார்.

மாநிலச் சட்டமன்றத்தில் தானா ராத்தா தொகுதி 2013 முதல் ஜ.செ.க.வின் சீன உறுப்பினர்களிடம் உள்ளது. ஜெலாய் உறுப்பினர் வான் ரோஸ்டி 2018 முதல் பகாங் மந்திரி பெசார் (முதலமைச்சர்). தேயிலைத் தோட்டங்களிலோ இப்போது கொழுந்து எடுப்போரில் பெரும்பகுதியினர் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்த, வாக்குரிமை இல்லாத தொழிலாளர்கள்.