அதிரடிப்படையின் இரண்டு கணக்குகள்

சேலம், நாமக்கல் பக்கத்தில் ‘எஸ்.டி.எஃப்.’ என்று ஊர்க்காரர்கள் சொல்லி நான் கேட்டதில்லை. ‘அதிரடிப்படை’தான். இங்கிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகிறவர்கள் மேட்டூர், கொளத்தூர், பாலாறு வழியாகப் போவார்கள். மேட்டூரோடு சமவெளி முடிந்து, மலையும் காடும் ஆரம்பிக்கும். 1993 ஏப்ரல் 9 அன்று அந்தப் பாலாற்றுப் பாதையில்தான் வீரப்பன் ஆட்கள் வைத்த கண்ணிவெடியில் 22 பேர் செத்தார்கள். போலீஸ், வனத்துறை ஆட்களோடு, தகவல் சொல்லக் கூடப் போனவர்களும் அதில் இருந்தார்கள்.

வீரப்பன் கதையை எத்தனையோ பேர் சொல்லியாச்சு. என் கேள்வி அந்தப் படையைப் பற்றியது. அதற்கு ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள்? அவர்களைக் கேள்வி கேட்க யார் இருந்தார்கள்?

பாலாறு சம்பவத்துக்குப் பிறகு தமிழக அதிரடிப்படை வால்டர் தேவாரம் தலைமையில் பெரிதானது. ஆட்கள் போலீஸின் மற்ற பிரிவுகளிலிருந்து வந்தவர்கள். வேலை முடிந்தால் பழைய இடத்துக்கே திரும்பிவிடுவார்கள். உள்ளூர் ஸ்டேஷன் அப்படியில்லை. அங்கே இன்ஸ்பெக்டர் யார் என்று ஊருக்குத் தெரியும், எஃப்.ஐ.ஆர். இருக்கும், பக்கத்திலேயே மாஜிஸ்திரேட் கோர்ட் இருக்கும். காட்டோரத்து முகாமில் நடந்ததைப் பற்றி ஒரு மலைக்கிராமத்துப் பெண் யாரிடம் போய், யார் பேரைச் சொல்லிப் புகார் கொடுப்பாள்?

போதாததற்கு தடா சட்டம். எஸ்.பி. அந்தஸ்துள்ள அதிகாரி முன் கொடுத்த வாக்குமூலத்தை அது சாட்சியமாக ஏற்றது. மைசூரு தடா நீதிமன்றத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மீது வழக்கு நடந்தது. 2001இல் தீர்ப்பு வந்தபோது பெரும்பாலானோர் விடுதலையானார்கள். அதற்குள் பலருக்கு ஏழெட்டு வருஷம் சிறையிலேயே போயிருந்தது.

சித்திரவதை, பாலியல் வன்முறை, போலி என்கவுன்ட்டர் என்று இரு மாநில அதிரடிப்படைகள் மீதும் புகார்கள் குவிந்த பிறகு, 1999இல் தேசிய மனித உரிமை ஆணையம் ஒரு விசாரணைக் குழு அமைத்தது. ஓய்வுபெற்ற நீதிபதி சதாசிவா அதன் தலைவர். முன்னாள் சி.பி.ஐ. இயக்குநர் சி.வி.நரசிம்மன் உறுப்பினர். கர்நாடக உயர் நீதிமன்றத் தடையால் நடுவில் வேலை நின்றது. 2003 கடைசியில்தான் அறிக்கை வந்தது.

2004 அக்டோபர் 18 இரவு, பாப்பாரப்பட்டி அருகே வீரப்பன் கொல்லப்பட்டார். அப்போது படைத் தலைவர் கே.விஜயகுமார். சில நாட்களிலேயே முதல்வர் ஜெயலலிதா பரிசு அறிவித்தார்: 700க்கும் மேற்பட்ட அதிரடிப்படையினருக்குத் தலா 3 லட்சம் ரூபாய், வீட்டுமனை, ஒரு படி பதவி உயர்வு. வருஷக்கணக்கில் காட்டில் கிடந்தவர்கள், கூட இருந்தவர்களைப் பறிகொடுத்தவர்கள். பரிசு கொடுத்ததில் எனக்குக் குறையில்லை.

அடுத்த கணக்கு 2007 ஜனவரியில் வந்தது. பாதிக்கப்பட்ட 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையம் பரிந்துரைத்தது. வகுத்துப் பார்த்தேன். சராசரியாக ஆளுக்கு 3 லட்சத்துப் பதினைந்தாயிரம்.

தொகை கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் பரிசுக்குச் சில நாட்கள் போதுமாக இருந்தது. இழப்பீட்டுக்குக் குழு அமைத்த நாளிலிருந்து ஏழு வருஷத்துக்கு மேல் ஆனது. பரிசு அரசாணையாக வந்தது, இழப்பீடு பரிந்துரையாக. ஆணையத்துக்குப் பரிந்துரைக்கத்தான் முடியும், உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது.

இன்றைக்கு நிலைமை மாறிவிட்டதா? போலீஸ் மீதான புகார்களை விசாரிக்கத் தனி ஆணையங்கள் வேண்டும் என்று 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஓய்வுபெற்ற நீதிபதிகள் அவற்றுக்குத் தலைமை தாங்க வேண்டும் என்றும் சொன்னது. தமிழ்நாடு 2013இல் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி மாவட்ட ஆணையத்தின் தலைவர் கலெக்டர். உறுப்பினர்களில் ஒருவர் அதே மாவட்டத்தின் எஸ்.பி.!

சிறப்புப் படை என்றால் எத்தனை பேர், என்ன துப்பாக்கி, யார் தலைமை என்றுதான் பேச்சு போகும். அதன் பதவிக்காலம் எவ்வளவு, முகாமில் யாரை வைத்திருக்கிறார்கள் என்று போய்ப் பார்க்க யாருக்கு உரிமை, புகாரை வாங்குகிறவர் அந்தப் படைக்கு வெளியே இருப்பவரா? படை கிளம்பும் அன்றைக்கே இவற்றுக்கும் பதில் எழுதியிருக்க வேண்டும். கொளத்தூருக்கு அப்பால் இருந்தவர்களுக்கு அந்தப் பதில் கிடைக்கவே பதினாலு வருஷம் ஆனது. அதுவும் பாதிதான்.